போர்ப் படங்கள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது, ஏன்?

கடைசிவரிசை:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சுட்டு இருந்த கேள்வி இது. நம்மள்ல நிறைய பேருக்கு நிஜத்துல சண்டைன்னாலே ஆகாது, நியூஸ்ல குண்டு விழுந்த ஊரக் காட்டினா சேனல மாத்திடுவோம், ஆனா போர்ப் படம்னா மட்டும் மூணு மணி நேரம் அசையாம உக்காந்து பாக்குறோம், அதுவும் திரும்பத் திரும்ப. அப்படி என்னதான் இருக்கு அதுல?

என்னோட படம் 'சேவிங் ப்ரைவேட் ரையன்' (1998). 1944-ல ஜெர்மனி பிடிச்சு வச்சிருந்த பிரான்ஸ் கரையில அமெரிக்கப் படை படகுல வந்து இறங்குற அந்த ஒமாஹா பீச் சீனப் பத்தி எல்லாரும் பேசித் தீத்துட்டாங்கன்னு தெரியும், ஆனா எனக்கு மனசுல நிக்குறது அந்த ரத்தம் இல்ல. படகுல வரும்போது டாம் ஹாங்க்ஸ் தண்ணி குடிக்க பாட்டில எடுப்பாரு, கை நடுங்கிட்டே இருக்கும். அவரு கேப்டன், கூட இருக்குற பசங்க எல்லாம் அவரத்தான் நம்பி வர்றாங்க. படகோட முன்கதவு இறங்குன அடுத்த செகண்டே முன்னாடி நின்னவங்க எல்லாம் போயிடுவாங்க. அப்புறம் பக்கத்துல ஒரு குண்டு வெடிச்சு அவருக்குக் காது அடச்சுக்கும், தியேட்டர்ல நமக்கும் சத்தம் போயிடும், ஒருத்தன் அறுந்து கெடக்குற தன்னோட கையவே குனிஞ்சு எடுத்துட்டு நடந்து போவான். யாரு எங்கேர்ந்து சுடுறான், எந்தப் பக்கம் ஓடணும், ஒண்ணும் புரியாது. அவருக்கு எவ்ளோ தெரியுமோ அவ்ளோதான் நமக்கும்.

மேட்டுமேல ஏறினதுக்கு அப்புறம் ரெண்டு பேரு கையத் தூக்கிட்டு வந்து ஏதோ கெஞ்சுவாங்க, சப்டைட்டில் வராது, அமெரிக்க சோல்ஜர்ஸ் சுட்டுடுவாங்க. அவங்க பேசுறது செக் மொழி, 'சுடாதீங்க, நான் ஜெர்மன்காரன் இல்ல, யாரையும் கொல்லல'ன்னுதான் சொல்றாங்க. ஜெர்மனி பிடிச்ச நாடுகள்லேர்ந்து கட்டாயப்படுத்தி கூட்டிட்டு வந்தவங்களும் அந்தக் கரையில இருந்தாங்க. சுட்டவனுக்கும் புரியல, பாத்துட்டு இருந்த நமக்கும் புரியல. இந்த விஷயம் தெரிஞ்சதுலேர்ந்து அந்த சீன் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு பிசையும்.

மத்த படங்கள்ல ஹீரோவ விட நமக்கு ஒரு படி அதிகமாவே தெரிஞ்சிருக்கும், கதவுக்குப் பின்னாடி வில்லன் நிக்குறான்னு நமக்குத் தெரியும் அவனுக்குத் தெரியாது. நல்ல போர்ப் படம் அந்த வசதிய நம்மகிட்டேர்ந்து பிடுங்கிடுது, அதனாலதான் பிடிக்குதுன்னு நெனைக்கிறேன். உங்களுக்கு எப்படி? தயவுசெஞ்சு பத்து படம் லிஸ்ட் போடாதீங்க, ஒரு படம், அதுல ஒரு சீன், ஏன்னு சொல்லுங்க போதும்.

ஆழ்கடல்:

நீங்க சொன்னதுக்கு இதவிட நல்ல உதாரணம் இருக்கு ப்ரோ, 'தாஸ் போட்' (1981), வோல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்தது. ரெண்டாம் உலகப் போர்ல ஒரு ஜெர்மன் சப்மரின், மொத்தப் படமும் கிட்டத்தட்ட அந்த இரும்புக் குழாய்க்குள்ளயேதான். எதிரிக் கப்பல் மேல வந்து நிக்கும், நமக்குத் தெரியாது, தண்ணிக்குள்ள ஒலி அனுப்பி சப்மரின தேடுற சோனார் 'டிங்... டிங்'னு அடிக்குற சத்தம் மட்டும் கேக்கும், எல்லாரும் மூச்ச அடக்கிட்டு மேல பாப்பாங்க. மேல ஒண்ணுமே தெரியாது, வெறும் பைப்பும் வால்வும்தான், இருந்தாலும் கண்ணு தன்னால மேல போகும், நாமளும் அவங்க கூட சேந்து மேல பாத்துட்டு இருப்போம்.

ஆனா எனக்கு அந்தப் படம் பிடிக்குறதுக்கு நீங்க சொன்ன காரணம் பாதிதான், மீதி என்னன்னா அது வேலையப் பத்தின படம். அவசரமா முங்கணும்னா கையில வேலை இல்லாதவன் எல்லாம் விழுந்தடிச்சு முன்பக்கம் ஓடுவான், ஏன்னா ஆள் வெயிட் முன்னாடி போனா மூக்கு சீக்கிரம் கீழ இறங்கும். இத யாரும் வசனமா சொல்ல மாட்டாங்க, ரெண்டு தடவ பாத்தா நமக்கே புரிஞ்சுடும். ஸ்பெயினுக்குத் தெக்க இருக்குற ஜிப்ரால்டர் ஜலசந்தி பக்கத்துல அடிபட்டு கீழ கீழ போயி 280 மீட்டர் ஆழத்துல தரை தட்டி நிக்கும் பாருங்க, தண்ணி அழுத்தத்துல போல்ட்டு எல்லாம் புல்லட் மாதிரி தெறிக்கும். அதுக்கப்புறம் ரொம்ப நேரத்துக்கு சண்டையே கிடையாது. மணிக்கணக்கா தண்ணி எறைக்குறாங்க, பேட்டரிய ஒண்ணொண்ணா ரிப்பேர் பண்றாங்க, காத்து தீந்துட்டே வருது. சீஃப் இன்ஜினியர் கண்ணு சொருகுற நிலைமையில வந்து கேப்டன்கிட்ட எதெது சரியாச்சுன்னு ரிப்போர்ட் சொல்லுவாரு, அந்த மூஞ்சிய நான் எந்த ஆக்‌ஷன் ஹீரோகிட்டயும் பாத்ததில்ல.

நடிகர்கள வெயில்ல போக விடாம வச்சிருந்தாங்க, கதை வரிசையிலயே ஷூட் பண்ணாங்க, அதனால தாடி வளர்றதும் மூஞ்சி வெளுத்துப் போறதும் நெஜம். 40,000 பேர் ஜெர்மன் சப்மரின்ல போனாங்க, 30,000 பேர் திரும்பி வரலன்னு படம் ஆரம்பிக்கும்போதே எழுத்துல போட்டுடுவாங்க.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். அவங்க அடிச்ச ஒரு டேங்கர் கப்பல் மணிக்கணக்கா எரிஞ்சுட்டு இருக்கும், இன்னேரம் ஆள் எல்லாத்தையும் காப்பாத்திருப்பாங்கன்னு நெனச்சு கடைசியா ஒரு டார்பிடோ, அதாவது தண்ணிக்குள்ள பாயுற குண்டு, விடுவாங்க. பாத்தா மேல இன்னும் ஆளுங்க இருக்காங்க, உடம்புல தீயோட தண்ணியில குதிக்குறாங்க, இவங்கள நோக்கியே நீந்தி வர்றாங்க. சப்மரின்ல எடம் கிடையாது. கேப்டன் பின்னாடி போகச் சொல்லிடுவாரு. அதுவரைக்கும் இந்தப் பசங்க பொழைக்கணுமேன்னு வேண்டிட்டு இருந்த நமக்கு அப்பதான் உறைக்கும் யாருக்காக வேண்டிட்டு இருந்தோம்னு.

விசில்பார்ட்டி:

ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா ஒரு விஷயத்த நேராப் பேசுவோமே. த்ரில்லும் இருக்கு. டாங்க் உருண்டு வரும்போது, ப்ளேன் தலைக்கு மேல சீறிட்டுப் போகும்போது உடம்பு சிலிர்க்குது, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. 'அபோகலிப்ஸ் நவ்' (1979) ஹெலிகாப்டர் சீன் எனக்கு உயிர். அமெரிக்கப் படைங்க ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரோட மியூசிக்க ஸ்பீக்கர்ல அலற விட்டுட்டு வியட்நாம் கிராமத்து மேல பாய்வாங்க, அதுவும் எதுக்கு, அங்க அலை நல்லா இருக்கு, கர்னலுக்கு சர்ஃபிங் பாக்கணும். பைத்தியக்காரத்தனத்தோட உச்சம்னு காட்டத்தான் டைரக்டர் கொப்போலா எடுத்தாரு, ஆனா பாக்குறவனுக்கு ரத்தம் கொதிச்சு எழுந்து நிக்கத் தோணும். சரியாச் சொன்னா, ஹெலிகாப்டர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கட் இருக்கு, சத்தமே இல்லாத ஒரு பள்ளிக்கூடம், வெள்ளை ட்ரெஸ்ல பிள்ளைங்க, டீச்சர் அவசரமா வெளிய கூட்டிட்டு ஓடுறாங்க. அந்த ஷாட்ட மட்டும் எடுத்துட்டா அது வெறும் மாஸ் சீன். அது இருக்குறதாலதான் சிலிர்ப்பும் குத்தமும் ஒண்ணா வருது, நான் அந்தப் படத்த விடாம பாக்குறதும் அதுக்குத்தான்.

பழையரீல்:

@விசில்பார்ட்டி சொன்னது உண்மை, ஆனா சிலிர்ப்பே இல்லாத போர்ப் படம் ஒண்ணு இருக்கு, எனக்கு எல்லாத்தவிடவும் பிடிச்சது அதுதான். ஸ்டான்லி குப்ரிக்கோட 'பாத்ஸ் ஆஃப் க்ளோரி' (1957). முதல் உலகப் போர், பிரெஞ்சு ராணுவம். பிடிக்கவே முடியாத ஒரு குன்றப் பிடிக்கச் சொல்லி ஜெனரல் ஆர்டர் போடுறாரு, அவருக்கு ப்ரமோஷன் வரணும் அதுக்காக. அட்டாக் தோத்துப் போகுது, அதுக்கு சோல்ஜர்ஸ் கோழைங்கன்னு சொல்லி ஒரு கம்பெனிக்கு ஒருத்தன்னு மூணு பேர கோர்ட் மார்ஷல் (ராணுவ விசாரணை) பண்ணி சுட்டுக் கொல்றாங்க. ஒருத்தன சீட்டு போட்டு எடுக்குறாங்க, ஒருத்தன ஒழுக்கம் சரியில்லாதவன்னு எடுக்குறாங்க, இன்னொருத்தன் தன்னோட ஆபீசர் பண்ண தப்ப நேர்ல பாத்தவன், அதுக்காகவே அவன் பேரக் குடுக்குறாங்க. சீட்டுல மாட்டினவனுக்கு ஜெயில்ல மண்டை ஒடஞ்சு மயக்கம், அவன ஸ்ட்ரெச்சரோட கட்டி நிமித்தி வச்சு, கண்ணு திறக்குறதுக்குக் கன்னத்தக் கிள்ளி, அப்புறம் சுடுறாங்க. எனக்கு இதப் பாத்தா பயம் வராது, கோவம்தான் வரும், ரெண்டு நாளைக்கு அடங்காது.

ட்ரெஞ்சுக்குள்ள, அதாவது சோல்ஜர்ஸ் பதுங்கி நிக்குற நீளமான பள்ளத்துக்குள்ள, ரெண்டு நடை இருக்கு, கவனிச்சுப் பாருங்க. முதல்ல ஜெனரல் நடந்து வருவாரு, கேமரா அவருக்கு முன்னாடி பின்னோக்கிப் போயிட்டே இருக்கும், ஒவ்வொரு சோல்ஜர்கிட்டயும் நின்னு அதே கேள்வி, 'இன்னும் கொஞ்சம் ஜெர்மன்காரங்கள கொல்ல ரெடியா?' அதே ட்ரெஞ்சுல அட்டாக்குக்கு முன்னாடி அந்த சோல்ஜர்ஸோட கர்னலா வர்ற கர்க் டக்ளஸ் நடப்பாரு, யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டாரு, ரெண்டு பக்கமும் நிக்குறவன் மூஞ்சியப் பாத்தாலே போதும். ரெண்டு பேரும் எப்படிப்பட்ட ஆளுன்னு அந்த நடையிலயே முடிஞ்சுபோச்சு.

1915-ல பிரான்ஸ்ல சுவான்ங்குற இடத்துல நாலு பிரெஞ்சு கார்ப்பரல்கள உண்மையாவே இப்படி சுட்டாங்க, 1934-லதான் அவங்க நிரபராதின்னு தீர்ப்பு வந்துச்சு. படம் வந்தப்ப பிரான்ஸ்ல திரையிடவே இல்ல, 1975 வரைக்கும்.

சயாம்பாதை:

'தாஸ் போட்' வேலையப் பத்தின படம்னு சொன்னதப் படிச்சதும் எனக்கு 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957) ஞாபகம் வந்துடுச்சு. ஜப்பான்காரன்கிட்ட கைதியா மாட்டின பிரிட்டிஷ் கர்னல், ஆளுங்களோட மானத்தக் காப்பாத்தணும்னு எதிரிக்கே ஒரு நல்ல பாலமா கட்டித் தர்றாரு, கட்டக் கட்ட அது தன் பாலம்னு மனசுல பதிஞ்சுபோயி கடைசியில தன் பக்கத்து ஆளுங்க வச்ச வெடியவே காட்டிக் குடுக்கப் போறாரு. கர்னலா வர்ற அலெக் கின்னஸ் அந்தப் பெருமைய மூஞ்சில காட்டுவாரு பாருங்க, திட்டவும் முடியாது பாராட்டவும் முடியாது. தன் வேலையில பெருமை இருக்குற யாருக்கும் அந்த மனுஷன் புரியும், எனக்கு அதுதான் அதுல பெரிய விஷயம்.

ஆனா அந்தப் படத்து மேல எனக்கு ஒரு ஆத்திரமும் இருக்கு. படத்துல வர்ற பாலம் சயாம் மரண ரயிலுக்கானது, ரெண்டாம் உலகப் போர்ல தாய்லாந்துலேர்ந்து பர்மாவுக்கு ஜப்பான் போட்ட பாதை, மொத்தம் 415 கிலோமீட்டர், அதுல வேலை செஞ்ச நேச நாட்டுக் கைதிங்க 60,000 பேருக்கு மேல, ஆசியத் தொழிலாளிங்க அவங்களவிட பல மடங்கு. மலாயா ரப்பர் தோட்டத்துலேர்ந்து ஆயிரக்கணக்குல தமிழர்களக் கொண்டு போனாங்க, காலரா, மலேரியா, பட்டினின்னு காட்டுக்குள்ளயே செத்தாங்க, பல பேருக்கு கல்லறை கூட கிடையாது. செத்த ஆசியத் தொழிலாளிங்க எண்ணிக்கை கைதிங்களோடதவிட ரொம்ப அதிகம். படத்துல அவங்க கதை இல்லவே இல்ல, விசில் அடிச்சுட்டு மார்ச் பண்ணி வர்ற பிரிட்டிஷ்காரங்க மட்டும்தான். கூத்து என்னன்னு சொல்லல, வேதனை என்னன்னா, ஷூட்டிங் நடந்தது இலங்கையில கித்துல்கலங்குற இடத்துல. படம் பிடிக்கும், விட்டுப்போன கதை உறுத்தும், ரெண்டையும் சேத்தேதான் நான் அதப் பாக்குறேன்.

தூங்காவிளக்கு:

சயாம்பாதை சொன்னதுக்கு கைகூப்புறேன், எங்க குடும்பத்துப் பெரியவங்களும் அந்த ரயில் பேச்ச எடுத்தா பேசாம எழுந்து போயிடுவாங்க.

நான் சொல்ல வந்தது சோல்ஜர் இல்லாதவங்களப் பத்தி. 'கம் அண்ட் சீ' (1985), எலெம் கிளிமோவ் எடுத்த சோவியத் படம். பெலாரஸ்ல ஒரு பையன், மண்ணத் தோண்டி ஒரு துப்பாக்கி எடுத்து ஆசை ஆசையா பார்டிசான்ஸ் கூட (ஜெர்மன் படைய எதிர்த்துக் காட்டுலேர்ந்து சண்டை போட்ட கெரில்லாக்கள்) சேரப் போறான். காட்டுல குண்டு விழுந்து காது போயிடும், அந்த 'ங்ங்ங்'னு இரைச்சல் நமக்கும் ரொம்ப நேரம் நிக்காது. அப்புறம் ஒரு பொண்ணு கூட தன் வீட்டுக்குத் திரும்பி வருவான். வீட்டுல யாரும் இல்ல, அடுப்புல சூப்பு இன்னும் சூடா இருக்கு, தரையில பொம்மைங்க, ஈ மொய்க்குது. ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடவே ஆரம்பிச்சுடுவாங்க. எல்லாரும் தீவுக்குப் போயிருப்பாங்கன்னு சொல்லிட்டு அவன் ஓடுவான், அந்தப் பொண்ணு மட்டும் ஓடிக்கிட்டே ஒரு தடவ திரும்பிப் பாக்கும், வீட்டுச் சுவர் பின்னாடி ஊரே குவிஞ்சு கெடக்கும். ஒரு செகண்ட்தான். அவன் பாக்கல. @கடைசிவரிசை, நீங்க சொன்ன விதி இங்க உடையுது, அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிஞ்சுடுச்சு, அதுக்கப்புறம் அவன் ஓடுற ஒவ்வொரு அடியையும் பாக்க முடியல.

பெலாரஸ்ல 628 கிராமத்த ஜனங்களோட சேத்து நாஜிங்க எரிச்சாங்கன்னு கடைசியில போடுவாங்க. கிளிமோவ் அதுக்கப்புறம் வேற படமே எடுக்கல.

'க்ரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' (1988) கூட இப்படித்தான், அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும், காலியான மிட்டாய் டப்பாவுல தண்ணி ஊத்தி ஆட்டிக் குடிக்குறதும். அனிமேஷன்னு குழந்தைங்களுக்குப் போட்டுடாதீங்க. இந்த ரெண்டையும் ஏன் நேசிக்கிறேன்னு கேட்டா, போர்னா கணக்கு வழக்குல வர்ற எண்ணிக்கைன்னு எனக்கு இருந்த நெனப்ப இதுங்கதான் ஒடச்சுது.

கடைசிவரிசை:

@தூங்காவிளக்கு ஆமாங்க, நீங்க சொன்னது சரி, அந்த சீன்ல என் விதி நிக்காது, ஆனா அவ்ளோ நேரம் அவன் கண்ணு வழியாவே நம்மளப் பாக்க வச்சதாலதான் அந்த ஒரு செகண்டுக்கு அவ்ளோ பலம்னு தோணுது. 'பாத்ஸ் ஆஃப் க்ளோரி' நான் பாத்ததே இல்ல, இந்த வாரமே பாத்துடுறேன். @ஆழ்கடல் 'தாஸ் போட்'ல நிறைய வெர்ஷன் இருக்கே, எத எடுக்கணும்?

ஆழ்கடல்:

மூணரை மணி நேர டைரக்டர்ஸ் கட், 1997-ல வந்தது, அதையே எடுங்க. முதல்ல வந்தது ரெண்டரை மணி நேரம், அதுல காத்திருப்பு எல்லாம் கொறஞ்சுபோச்சு, டிவி சீரிஸ் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், அத ரெண்டாவது ரவுண்டுக்கு வச்சுக்கோங்க. டப்பிங் வேண்டவே வேண்டாம், ஜெர்மன் ஆடியோ சப்டைட்டிலோட, ஹெட்ஃபோன் கண்டிப்பா போடுங்க, சோனார் சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியணும்.

தூங்காவிளக்கு:

அப்படியே 'கம் அண்ட் சீ'ய ராத்திரி தூங்கப் போற நேரத்துல போடாதீங்க, பகல்ல பாருங்க, முடிஞ்சா கூட யாராவது இருக்கும்போது.