உரையாடல் காணொளியைச் செங்குத்தாக மாற்றினால் ஒருவர் முகம் விடுபட்டுப்போகிறது

கேள்வி

இருவர் அமர்ந்து பேசும் 40 நிமிட உரையாடல் ஒன்றை, அசையாத ஒரே கேமராவில் 1920×1080 அளவில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு நிமிடத் துண்டுகளை எடுத்து, ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் பொருந்தும் 9:16 வடிவில் வெளியிட விரும்புகிறேன். நடுப்பகுதியை அப்படியே வெட்டியெடுத்தால் இருவருக்கும் இடையிலுள்ள மேசையும் அதன்மேல் இருக்கும் பூச்சாடியும்தான் மிஞ்சுகின்றன. ஒரு செயலியின் தானியங்கி வசதியிடம் ஒப்படைத்துப் பார்த்தேன். ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் மற்றவர் தலையசைத்தாலே படம் அவர் பக்கம் ஓடிவிடுகிறது. மேலும் கீழும் மங்கலான பின்னணி வைப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி 1

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. 1080 பிக்சல் உயரத்தை முழுவதும் வைத்துக்கொண்டு 9:16 விகிதத்தில் வெட்டினால் கிடைக்கும் அகலம் ஏறத்தாழ 608 பிக்சல்தான். அதாவது படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சுகிறது. அதை 1080 அகலத்துக்கு விரிக்க 1.78 மடங்கு பெரிதாக்க வேண்டியிருப்பதால் முகத்தின் கூர்மையும் குறைந்துவிடும். 4கே (3840×2160) அளவில் பதிவு செய்திருந்தால் வெட்டிய பகுதியே 1215×2160 இருந்திருக்கும், இந்தக் கவலையே எழுந்திராது. அடுத்த பதிவுக்கு இதை நினைவில் வையுங்கள்.

இப்போது கையிலிருப்பதற்கு நான் பரிந்துரைப்பது, இருவரையும் ஒருவர் மேல் ஒருவராக அடுக்குவது. 1080×1920 சட்டகத்தை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் 1080×960 ஆகும். மூலப்படத்தின் இடப்பாதியிலிருந்து 960×853 அளவுள்ள பகுதியையும், வலப்பாதியிலிருந்து அதே அளவுள்ள பகுதியையும் எடுத்து வைத்தால் 1.125 மடங்கு விரித்தால் போதும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தில் தோன்றும் மாற்றமும் தெரிவதால், உரையாடலுக்கு இந்த அமைப்பு நன்றாகவே பொருந்தும். வசனவரிகளை இரு படங்களும் சேரும் கோட்டின்மேல் வைத்தால் அவை எவர் முகத்தையும் மறைக்காது. கணக்கின் பெயரும் விவரக்குறிப்பும் வந்து அமரும் அடிப்பகுதியிலிருந்தும் தள்ளி நிற்கும்.

மறுமொழி 2

அடுக்கும் முறை நல்லதுதான். ஆனால் ஒரு நிமிடம் முழுவதும் அதுவே நீடித்தால் சலிப்புத் தட்டும். ஒருவர் நீளமாகப் பேசும் இடங்களில் அவரை மட்டும் முழுச் சட்டகத்தில் காட்டலாம். அப்போது ஒருவரிடமிருந்து மற்றவரிடம் படத்தை நகர்த்திச் செல்லாமல், டைம்லைனில் கிளிப்பை வெட்டி, அடுத்த துண்டுக்கு வேறு நிலையைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு கேமராக்களில் பதிவு செய்தது போலவே இருக்கும். நீங்கள் சொன்ன அலைபாயும் தொல்லைக்கும் இதுவே மருந்து. முகத்தைச் சட்டகத்தின் நட்ட நடுவில் வைக்காமல், அவர் பார்க்கும் திசையில் சிறிது இடம் விடுவது முக்கியம். இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துப் பேசுவது போலத் தோன்றும்.

தானியங்கி வசதியை முற்றிலும் ஒதுக்கவும் வேண்டாம். பிரீமியர் ப்ரோ என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில், முகத்தைப் பின்தொடர்ந்து தானே வெட்டும் ஆட்டோ ரீஃபிரேம் வசதியில் நகர்வின் வேகத்தைக் குறைக்கும் தெரிவு உண்டு. அது இடும் கீஃபிரேம்களை (எந்த நொடியில் படம் எங்கே நிற்க வேண்டும் என்ற குறிகளை) பின்னர் கையால் திருத்தவும் முடியும். டாவின்சி ரிசால்வ் என்ற மற்றொரு தொகுப்பு மென்பொருளில் இதற்கு நிகரான வசதி கட்டணப் பதிப்பில் மட்டுமே இருக்கிறது. ஒருவர் மட்டும் நடந்துகொண்டே பேசும் காட்சிக்கு இவை நன்றாக உதவும். இருவர் பேசும் காட்சியில் யாரைக் காட்டுவது என்ற முடிவை நாம்தான் எடுக்க வேண்டும்.

மறுமொழி 3

மங்கலான பின்னணியை எல்லோரும் இகழ்வது எனக்கு உடன்பாடில்லை. வரைபடமோ அட்டவணையோ திரையில் முழுவதும் தெரிந்தாக வேண்டிய சில நொடிகளுக்கு அதுவே நேர்மையான வழி. முகங்கள் மட்டுமே உள்ள காட்சிக்கு அது தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்: 1920 உயரத்தில் படம் 608 பிக்சல் பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. இன்ஸ்டாகிராமின் பதிவுப் பட்டியலை மட்டும் கருதினால் 4:5 விகிதமும் கைகொடுக்கும். அதில் 864 பிக்சல் அகலம் வரை மிஞ்சும்.

கேட்டவர்

அடுக்கிப் பார்த்தேன், மிகவும் தெளிவாக இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல்: ஒவ்வொருவர் பெயரும் அடங்கிய பட்டை, படத்தின் அடியில் சுமார் 150 பிக்சல் உயரத்துக்குப் படத்தோடு படமாகப் பதிந்துவிட்டது. பெயர் சேர்ப்பதற்கு முந்தைய கோப்பு இப்போது என்னிடம் இல்லை.

மறுமொழி 1

அடுக்கிய அமைப்பில் அது சிக்கலே இல்லை. 1080 உயரத்தில் 853 மட்டுமே எடுப்பதால் 227 பிக்சல் எப்படியும் வெளியே போகிறது. வெட்டும் பகுதியை மேற்புறமாக நகர்த்தினால் பட்டை முழுவதும் மறைந்துவிடும். தலைக்கு மேல் போதிய இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியொருவரைக் காட்டும் துண்டில் இந்த உபாயம் பலிக்காது. பட்டையைத் தவிர்க்க உயரத்தை 930 ஆகக் குறைத்தால் அகலம் 523 ஆகி, இரு மடங்குக்கும் மேல் விரிக்க நேரிடும். எனவே பட்டை திரையில் இருக்கும் வரை இருவரையும் அடுக்கியே காட்டி, அது மறைந்த பிறகு தனிமுகத்துக்கு வெட்டிச் செல்லுங்கள். பெயர்களைச் செங்குத்துச் சட்டகத்திலேயே புதிதாக எழுதிவிடலாம்.