கற்றரக்ட் (கண்புரை) ஒப்பரேசனுக்குப் பிறகு கண்ணாடி போடணுமா? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
ஆறாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி போட்டவள் நான். மைனஸ் 7. கழற்றினால் எதிரே நிற்கும் பிள்ளையின் முகமே தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு பவர் அடிக்கடி மாறியது. இரவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் வெளிச்சம் சிதறிக் கண் கூசும். கற்றரக்ட் முற்றிவிட்டது, இனிக் கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்றார் டொக்டர்.

எல்லோருக்கும் சொல்ல விரும்புவது ஒன்றைத்தான். ஒப்பரேசனுக்கு முன் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளப்பார்கள். புரை பிடித்த லென்ஸை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸின் பவர் அந்தக் கணக்கில்தான் முடிவாகும். பழைய மைனஸையும் அதிலேயே சரிக்கட்டலாம். ஆனால் சாதாரண லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவாகக் காட்டும். தூரமா, கிட்டவா என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும்.

நான் தூரத்தைக் கேட்டேன். கல்முனை பஸ் நிலையத்தில் போர்டைக் கண்ணாடியில்லாமல் வாசித்த அன்று அழுதுவிட்டேன். வாசிக்க மட்டும் பிளஸ் 2.5 கண்ணாடி. மைனஸ்காரருக்கு இதில் ஒரு இழப்பும் உண்டு. முன்பு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தை மூக்கருகே பிடித்து வாசிப்பேன். இனி அது முடியாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எங்கள் அம்மம்மாவுக்குப் புரையை எடுத்தபோது லென்ஸே வைக்கவில்லை. கடைசிவரை சோடாப்புட்டிக் கண்ணாடிதான். கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதை 1949 இலேயே லண்டனில் ஹரோல்ட் ரிட்லி தொடங்கிவிட்டார். அது அம்மம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்பது இன்றும் எனக்கு மனவருத்தம்.

மருதமுனை மகன்:
டீச்சர், எங்கட வாப்பாட விசயத்திலயும் அந்தக் கேள்விதான் பெரிசு. அவர் கைத்தறி நெய்றவர். இழை அறுந்தா முடிச்சுப் போடணும், நிறம் பார்க்கணும். தூரம் அவருக்கு ரெண்டாம் பட்சம். அதச் சொன்னதும் டொக்டர் முழுசாச் சரிக்கட்டாம, மைனஸ் 2 மிச்சம் இருக்கிற மாதிரி லென்ஸ் வச்சார். இப்ப தறியில கண்ணாடி இல்லாம வேலை. பள்ளிவாசலுக்குப் போகக்குள்ள மட்டும் போடுவார்.

இன்னொண்டு. ஒப்பரேசனுக்கு முதல் கொஞ்ச காலம் வாப்பா வாசிக்கிற கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு பேப்பர் பார்த்தார். பார்வை திரும்பிட்டு எண்டு உம்மாக்குப் பெரிய சந்தோசம். கண்ணில இயற்கையா இருக்கிற லென்ஸுட நடுப்பகுதி இறுகக்குள்ள மைனஸ் கூடும், அதாலதான் கிட்டத்தில தெரியுது எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினார். வயசான ஆக்கள் திடீரெண்டு கண்ணாடி இல்லாம வாசிச்சா உடன காட்டுங்க.

கொக்கட்டிச்சோலை மகள்:
எங்கட அப்பாக்குச் சலம் போற கரைச்சலுக்கு டாம்சுலோசின் குளிசை. கண் ஒப்பரேசனுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு எண்டுதான் யாரும் நினைப்பம். அந்தக் குளிசை கண்மணியச் சரியா விரிய விடாதாம், சுத்தியிருக்கிற தசையும் தொய்ஞ்சு போகுமாம். முன்கூட்டித் தெரிஞ்சா டொக்டர்மார் அதுக்கு ஆயத்தமா இருப்பாங்க. நிப்பாட்டினாலும் அதுட வேலை முழுசாப் போகாதாம், அதால நீங்களா நிப்பாட்டவும் வேணாம். குளிசை எல்லாத்தையும் பையோட கொண்டுபோய்க் காட்டுங்க. மறுகா, அப்பாக்கு வேளாண்மை வெட்டு நேரம் வீட்டில இருக்க ஏலாது. தூசு பட்டாக் கிருமி போயிரும் எண்டு நாங்க மல்லுக்கட்டித்தான் மறிச்சு வச்சம். சொட்டு மருந்து முடியும் வரைக்கும் வயலுக்கு விடாதீங்க.

திருக்கோவில் தம்பி:
டீச்சர், அம்மாக்கு மைனஸ் 9. இப்ப ஒரு கண்தான் செய்யப் போறாங்க. மற்றக் கண்ண ஆறுதலாச் செய்யலாம்தானே?

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
தம்பி, எனக்கு அந்த இடைக்காலம்தான் மிகக் கஷ்டம். ஒரு கண் சரியாகிவிடும், மற்றது பழைய மைனஸிலேயே நிற்கும். கண்ணாடி போட்டால் இரண்டு கண்ணிலும் உருவம் வேறு வேறு அளவில் விழும். தலை சுற்றும், படி இறங்கப் பயமாக இருக்கும். மற்றக் கண்ணில் கொன்டாக்ட் லென்ஸ் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் வயதானவருக்கு அது சிரமம். இரண்டாவது கண்ணை எப்போது செய்வார்கள் என்று முதல் ஒப்பரேசனுக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள். அதுவரை அம்மாவைத் தனியே ரோட்டுக்கு விடாதீர்கள்.