புதுப்பிப்பு: ஜாடிக்குள் வியர்த்த ஆரஞ்சு வில்லைகள்

எலுமிச்சையையும் ஆரஞ்சையும் உலர்த்தி ஒரே ஜாடியில் போட்டேன், மூன்றாம் நாளே கண்ணாடியின் உள்பக்கம் நீர் முத்துக்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

எலுமிச்சையில் குறையில்லை, வளைத்தால் பட்டென்று உடைந்தது. ஆரஞ்சில்தான் சிக்கல். தோல் மொறுமொறுவென்று இருந்தாலும், சில கனமான வில்லைகளின் நடுச்சதையை நகத்தால் அழுத்தியபோது ஈரம் கசிந்தது. பூஞ்சை வரவில்லை, நல்லவேளை. வந்திருந்தால் மொத்த ஜாடியையும் கொட்டத்தான் வேண்டும்.

அதனால் மறுபடி 57 டிகிரி செல்சியஸில் உலர்த்தினேன். புதிதாக நறுக்கியவை எல்லாமே 5 மி.மீ. கனம். முழுக்க ஆறிய பிறகுதான் பதம் பார்த்தேன். சூட்டில் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும்.

அப்புறம், ஜாடியை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, மூடி, 10 நாள் தினமும் குலுக்கினேன். மிச்ச ஈரம் சமமாகப் பரவ இது அவசியம், தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இந்த முறை ஒரு துளி வியர்வை இல்லை, குலுக்கினால் கலகலவென்று சத்தம். இப்போது ஆரஞ்சும் எலுமிச்சையும் தனித்தனி ஜாடிகளில், வெளிச்சம் படாத அலமாரியில் இருக்கின்றன.