பதில்: சைக்கோவ்ஸ்கியின் ஆண்டான்டே – ‘கருவிபெயர்ப்பு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு கருவிக்கென எழுதிய இசையை வேறு கருவிக்கு மாற்றி எழுதுவதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தச் சொல்லை வைப்பது என்பதே கேள்வி. சைக்கோவ்ஸ்கியின் ஆண்டான்டேயைக் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்குமாக மாற்றுவதை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். முன்மொழிந்த சொற்களில் ‘இசைச் சுருக்கம்’ இங்கே வேண்டாம். முழு ஆர்க்கெஸ்ட்ராவைப் பியானோவுக்குள் அடக்கும் வேலைக்கு அது பொருந்தும். நாம் பேசுவது ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1871இல் எழுதிய முதல் தந்தி நால்வர் படைப்பின் இரண்டாம் பகுதி, ஆண்டான்டே கான்டாபிலே. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. முதல் வயலினின் பாட்டைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தால், மற்ற மூன்று குரல்களும் பியானோக்காரரின் பத்து விரல்களில் அடங்கிவிடும்.

சிக்கல் வேறிடத்தில். மூலத்தில் தந்திகளுக்கு ஒலியடக்கி மாட்டி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கிளாரினெட்டில் அந்த மங்கிய நாதத்தை ஊதுபவர் மூச்சால்தான் கொண்டுவர வேண்டும். வில்லுக்கு மூச்சு வாங்காது, இவருக்கு வாங்கும். மெட்டோ ஒரு நாட்டுப்பாட்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் தாளம் மாறிக்கொண்டே போகும். எங்கே மூச்செடுத்தால் பாட்டு அறுபடாது என்று இடம் பார்த்துக் குறிக்க வேண்டும். நடுப்பகுதியில் செல்லோ ஒரே உருவை விரலால் சுண்டிக்கொண்டே இருக்கும். ஒலியை நீட்டும் பெடலைத் தொடாமல் குறுக்கி வாசித்தால் அது பியானோவில் அழகாகவே வரும். ஆனால் உள்குரல்களில் நீண்டு நிற்கும் சுரங்கள், பியானோவில் அடித்த கணமே தேயத் தொடங்கிவிடும். அவற்றுக்கு ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் படும் பாடுதான் இது. மெட்டும் சுரக்கூட்டும் மூலத்தினுடையவை, அவற்றைச் சொல்லும் கருவி புதிது. ஆகவே ‘கருவிபெயர்ப்பு’. செய்பவர் கருவிபெயர்ப்பாளர். ‘மொழிபெயர்ப்பு’ போலவே ஒற்று மிகாது.

இங்கே ஐயா ஒருவர் முன்வைத்த ‘தழுவல்’ நல்ல சொல். மெட்டை எடுத்து வேறொன்றாக வளர்ப்பதற்கு அதை ஒதுக்கிவைப்போம். ‘பண்ணுப்பெயர்த்தல்’ என்பதோடு குழம்பாதா என்ற கேள்வி நியாயமானது. அது ஆதார சுரத்தை மாற்றி இன்னொரு பண்ணைப் பெறுவது. முன்னால் ‘கருவி’ நிற்பதால் குழப்பம் வராது.

‘சுருதிமாற்றம்’ என்ற யோசனை மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பி-பிளாட் கிளாரினெட் இசைத்தாளில் எழுதியுள்ளதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும். இந்தப் பகுதி பி-பிளாட் மேஜர் என்ற சுரவரிசையில் அமைந்தது. அதே சுருதியில் வைத்தால் கிளாரினெட்டின் தாளில் சி மேஜர் என்று எழுத வேண்டும். அது எழுத்தில் நடக்கும் மாற்றம், காதுக்குச் சுருதி அதேதான். கருவிபெயர்ப்பில் அது ஒரு சிறு படி, அவ்வளவே.

சைக்கோவ்ஸ்கியே இதைத் தனிச் செல்லோவுக்கும் தந்தி இசைக்குழுவுக்குமாக மாற்றி எழுதியிருக்கிறார். ‘படைத்தவரே செய்த கருவிபெயர்ப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.