மனுவில் முளைக்கும் காலிப் பக்கம்: அழித்துத் தள்ளுவதா, காரணம் பார்ப்பதா?

குடவாசல் பாசனம்:
வணக்கம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் எங்கள் பகுதி சி, டி வகைச் சிறு வாய்க்கால்களைத் தூர்வாரச் சொல்லி, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். வேர்டில் அடித்தது. முதல் மூன்று பக்கம் கடிதம். அடுத்து வாய்க்கால் பெயர், தலைப்பு மதகு, நீளம், பாயும் பரப்பு என்று ஒரு அகலமான அட்டவணை. அதற்காக அந்தப் பக்கங்களை மட்டும் படுக்கைவசமாக வைத்திருக்கிறோம். கடைசியில் கையெழுத்துப் பட்டியல், அதுவும் அட்டவணைதான்.

சிக்கல் இரண்டு. கையெழுத்துப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு காலிப் பக்கம் நிற்கிறது, பேக்ஸ்பேஸ், டெலிட் எதற்கும் அசையவில்லை. இன்னொன்று விசித்திரம்: திரையில் கடிதமும் அட்டவணையும் அடுத்தடுத்துதான் இருக்கின்றன. பிடிஎஃப் ஆக்கினால் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் வருகிறது. பக்க எண்ணும் 3-க்கு அடுத்து 5. ஊரில் இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு வழி சொல்கிறார்கள். எது சரி?

வலங்கை டிடிபி:
அண்ணே, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தில் கர்சரை வையுங்கள், எழுத்தளவுப் பெட்டியில் 1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். பக்கம் மேலே ஏறிவிடும். நடுவில் வருவது செக்‌ஷன் பிரேக். ஆவணத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் குறி அது. டெலிட் பண்ணிவிடுங்கள். அதற்கும் மனசில்லை என்றால் பிரின்ட் கொடுக்கும்போது 1-3, 5-9 என்று பக்க எண் போட்டு அந்தத் தாளைத் தவிர்த்துவிடுங்கள். பட்டா, பயிர்க்காப்பீடு, பத்திரம் என்று கடையில் ஆள் நிற்கும்போது நாங்கள் செய்வது இதுதான். அவர்களுக்கு வேண்டியது கையில் தாள், அதுவும் பஸ் போவதற்குள்.

வெண்ணாற்றங்கரை:
குடவாசல் சார், தயவுசெய்து அந்தச் செக்‌ஷன் பிரேக்கை அழிக்காதீர்கள். வேர்டில் ஒரு பகுதியின் பக்க அமைப்பு முழுவதும் அந்தப் பகுதி முடியும் இடத்தில் உள்ள பிரேக்கில்தான் இருக்கிறது. அதை எடுத்தால் மேலே இருக்கும் பகுதி, கீழே இருக்கும் பகுதியின் அமைப்பை வாங்கிக்கொள்ளும். உங்கள் கடிதம் மூன்று பக்கமும் படுத்துக்கொள்ளும். தலைப்பு (ஹெடர்), அடிக்குறிப்பு (ஃபுட்டர்), பக்க எண் எல்லாம் அட்டவணைப் பகுதியில் இருப்பது போல மாறிவிடும். கன்ட்ரோல் இசட் அடித்து மீளலாம், ஆனால் சேமித்து மூடிவிட்டால் அத்தனையும் மறுபடி கட்ட வேண்டும்.

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பத்தி முடியும் இடமெல்லாம் ¶ தெரியும், பேஜ் பிரேக்கும் செக்‌ஷன் பிரேக்கும் புள்ளிக்கோடாகத் தெரியும். அதைப் பார்க்காமல் எதையும் தொடக் கூடாது. காலிப் பக்கம் ஒன்று போலத் தெரியும், காரணம் வேறு வேறு. சிலர் அடுத்த பக்கம் போக என்டரையே அடுக்கியிருப்பார்கள். அது வெறும் ¶ வரிசை, தேர்வு செய்து அழித்தால் முடிந்தது. சில இடத்தில் புதுப் பக்கம் போகக் கன்ட்ரோல் என்டர் போட்டிருப்பார்கள், அதே தலைப்புக்குப் பத்தி அமைப்பில் 'பேஜ் பிரேக் பிஃபோர்' (புதுப் பக்கத்தில் தொடங்கு) என்றும் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுவிடும்.

உங்களுக்கு நடுவில் வருவது, நீங்கள் சொல்லும் 3, 5 எண்ணை வைத்துப் பார்த்தால், ஆட் பேஜ் (ஒற்றைப்படைப் பக்கம்) வகைச் செக்‌ஷன் பிரேக். அடுத்த பகுதி ஒற்றைப்படை எண்ணில்தான் தொடங்க வேண்டும் என்பது அதன் கட்டளை. நான்காம் பக்கத்தை வேர்ட் திரையில் காட்டாது, அச்சிலும் பிடிஎஃபிலும் மட்டும் விடும். கர்சரைப் படுக்கைப் பக்கத்துக்குள் வையுங்கள். லேஅவுட்டில் பேஜ் செட்டப் மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டுங்கள். திறக்கும் பெட்டியில் லேஅவுட் என்ற தாவலில் 'செக்‌ஷன் ஸ்டார்ட்' என்பதை 'நியூ பேஜ்' ஆக்குங்கள். வெள்ளைத் தாளும் போகும், எண்ணும் 4 ஆகும். பிரேக் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வலங்கை டிடிபி:
நடுப்பக்கத்துக்கு நீங்கள் சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். கடைசிப் பக்கத்துக்கு என்ன சொல்வீர்கள்? அட்டவணைக்குப் பின்னால் ஒரு பத்தி இருந்தே ஆக வேண்டும் என்பது வேர்டின் சட்டம். அட்டவணை பக்கத்தின் அடிவரை வந்துவிட்டால் அந்தப் பத்திக்கு இடமில்லாமல் அடுத்த பக்கத்துக்கு இறங்குகிறது. அழிக்கவே முடியாததற்குக் காரணம் தெரிந்து என்ன பண்ணுவது? சின்னதாக்குவதுதான் வழி. எதையும் தோண்டாமல் நான் சொன்ன மருந்தும் அதேதான்.

வெண்ணாற்றங்கரை:
மருந்து ஒன்றுதான், அளவு வேறு. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பு வெட்டுப்படாமல் இருக்கவும், வரிகள் சீராக இருக்கவும் பல கடைகளில் வரி உயரத்தை 'எக்ஸாக்ட்லி' 18 பாயின்ட் என்று பூட்டிவிடுகிறார்கள். அப்படி இருக்கும் பத்தியில் எழுத்தளவை 1 ஆக்கினாலும் வரி 18 பாயின்டிலேயே நிற்கும், பக்கம் ஏறாது. பத்திக்கு முன்னால் இடைவெளி வைத்திருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் "ஒன்று போட்டேன், போகவில்லை" என்று பலர் கேட்கிறார்கள். பத்தி அமைப்பைத் திறந்து வரி உயரம் எக்ஸாக்ட்லி 1, முன்னால் பின்னால் இரண்டும் 0 என்று கொடுத்தால் உறுதியாக ஏறும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நேற்று வரை பக்கத்துக்குள் அடங்கிய அட்டவணை இன்று ஏன் அடிவரை போனது? தாள் அளவு லெட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். லெட்டர் தாளின் உயரம் 279 மில்லிமீட்டர், ஏ4 297. நம் ஊர் பிரின்டரில் இருப்பது ஏ4. அந்த 18 மில்லிமீட்டரில் மூன்று வரி போய்விடும். ஒரு கணினியில் இருந்த தமிழ் எழுத்துரு இன்னொன்றில் இல்லை என்றாலும் வேர்ட் வேறொன்றை மாற்றிப் போட்டு வரியை உயர்த்திவிடும்.

அரசலாறு அச்சகம்:
கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருப்பவன் என்ற முறையில் வேறொரு பக்கமும் சொல்ல வேண்டும். எல்லாரும் காலிப் பக்கம் என்றாலே குப்பை என்று பேசுகிறீர்கள். கோயில் தல வரலாறு, கும்பாபிஷேக மலர் என்று வருகிறவர்கள் காலிப் பக்கத்தையெல்லாம் தேடித்தேடி எடுத்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். சென்டர் பின் அடிக்கும் சிறுபுத்தகம் 4-ன் மடங்கில்தான் நிற்கும். 22 பக்கம் கொண்டுவந்தால் 24 ஆக்க நான் இரண்டு பக்கத்தை எங்கோ சேர்த்தே ஆக வேண்டும். அத்தியாயம் வலது பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதும் பழைய வழக்கம். அதற்காகத்தான் ஆட் பேஜ் என்ற வசதியே இருக்கிறது.

குடவாசல் ஐயா, உங்கள் மனுவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அச்சடித்தால், அந்த வெள்ளைப் பக்கம் இருக்கும்போது அட்டவணை தனித் தாளில் தொடங்கும். பொறியாளர் அதை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போகலாம். வெள்ளைப் பக்கத்தை எடுத்துவிட்டால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தின் முதுகில் அட்டவணை ஏறும். அதை அடித்தவர் யோசித்தே ஆட் பேஜ் வைத்திருக்கலாம். மாற்றும் முன் அவரைக் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
புத்தகத்துக்கு நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை ஐயா. மனு வேறு. 3-க்கு அடுத்து 5 என்று இருக்கும் மனுவை வாங்குகிறவர் முதலில் கேட்பது "நாலாம் பக்கம் எங்கே?" வேர்ட் தானாக விடும் அந்தப் பக்கத்தில் எண்ணும் இருக்காது, தலைப்பும் இருக்காது. ஒரு தாள் விழுந்துவிட்டதா, யாராவது எடுத்துவிட்டார்களா என்று சந்தேகம் வரும் இடத்தை நாமே ஏன் விட வேண்டும்? தனித் தாள் வேண்டும் என்றால் அட்டவணையை 'இணைப்பு 1' என்று தனிக் கோப்பாகவே வைக்கலாம்.

ஆய்வு மாணவி, திருவாரூர்:
வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்காக ஒன்று. அங்கேயும் இதே தொல்லை உண்டு. ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம் என்பது அதன் விதி. முன்னுரை ஒற்றைப்படைப் பக்கத்தில் முடிந்து, முதல் இயலுக்கு எண்ணை மறுபடி 1-லிருந்து தொடங்கினால் நடுவில் ஒரு காலிப் பக்கத்தை அதுவே வைத்துக்கொள்ளும். அழிக்க அங்கே எதுவும் இருக்காது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ரைட்டர், பிரின்ட் என்று போனால் தானாகச் சேரும் காலிப் பக்கங்களை அச்சிடும் தேர்வு இருக்கும், டிக்கை எடுத்துவிடலாம். பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியிலும் அதே தேர்வு தனியாக உண்டு. ஆய்வேட்டில் நான் அந்தப் பக்கங்களை வைத்தே விட்டேன், பைண்டிங்கில் இயல்கள் எல்லாம் வலப்பக்கம் தொடங்குவது பார்க்க அழகாக இருக்கிறது. அச்சக ஐயா பக்கம்தான் நான்.

வலங்கை டிடிபி:
ஆய்வேட்டுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது அம்மா. என் கடைக்கு வருகிறவர் வயலில் நாற்றுப் பறிக்கும் ஆளை விட்டுவிட்டு வந்திருப்பார். அவருடைய கோப்பை நான் திருத்தி அமைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பக்க எண் போட்டுப் பிரின்ட் எடுப்பதை மட்டமாகப் பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரே முறை போகும் தாளுக்கு அதுவே போதும். அடுத்த ஆண்டும் திறந்து வேலை செய்யப்போகும் கோப்பு என்றால் வெண்ணாற்றங்கரை அண்ணன் வழி.

குடவாசல் பாசனம்:
எல்லாருக்கும் நன்றி. கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 போட்டதும் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. கையெழுத்துப் பட்டியலுக்குக் கீழே ஒரே ஒரு ¶ நிற்கிறது. எழுத்தளவு 1 போட்டேன், அசையவில்லை. பத்தி அமைப்பைத் திறந்தால் எக்ஸாக்ட்லி 18 என்றே இருக்கிறது! அதை 1 ஆக்கியதும் பக்கம் போய்விட்டது. தாள் ஏ4-தான்.

நடுப்பக்கத்துக்கு, அடித்துக் கொடுத்த தம்பியிடம் கேட்டேன். போன ஆண்டு அறிக்கைக் கோப்பைத் திறந்து அதன் மேலேயே அடித்ததாகச் சொன்னார், ஆட் பேஜ் அதிலிருந்தே வந்திருக்கிறது. கூட்டத்தில் கொடுக்கும் படிகள் ஒருபக்க அச்சுதான், அதனால் நியூ பேஜ் ஆக்கிவிட்டேன். எண் இப்போது 1 முதல் 8 வரை விடாமல் ஓடுகிறது. இந்தக் கோப்பில்தான் அடுத்த குறுவைக்கும் வேலை செய்வோம். உதவிப் பொறியாளருக்குத் தனியாகக் கொடுக்க அட்டவணையை மட்டும் 'இணைப்பு 1' என்று பிரித்துச் சேமித்திருக்கிறேன்.

அரசலாறு அச்சகம்:
நல்லது ஐயா. அலுவலகக் கோப்புக்கென்று இருபக்க அச்சில் ஒரு படி எடுப்பதாக இருந்தால் மட்டும் ஆட் பேஜை மறுபடி வைத்து எடுங்கள். அந்த நான்காம் பக்கத்தை வேர்டிடம் விடாமல் நீங்களே ஒரு பக்கம் சேர்த்து, 'இப்பக்கம் காலியாக விடப்பட்டுள்ளது' என்று நடுவில் ஒரு வரி அடித்துவிட்டால் எண்ணும் தொடரும், யாரும் தாளைத் தேட மாட்டார்கள்.

வெண்ணாற்றங்கரை:
அப்படி வரி போட்டு வைத்தால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நீங்களே பக்கம் சேர்க்கும்போது செக்‌ஷன் ஸ்டார்ட்டை நியூ பேஜிலேயே விடுங்கள். ஆட் பேஜும் இருந்தால், கடிதம் ஒரு பக்கம் குறையும் அன்றைக்கு வேர்ட் தன் பங்குக்கு இன்னொரு வெள்ளைத் தாளைச் சேர்த்துவிடும்.