மாமூத்தை அழித்தது வேட்டையா, வெப்பமா?

கல்மரம்:
பனியுகம் முடிந்து பூமி சூடானதால்தான் மாமூத் என்ற அடர்மயிர் யானையினம் அழிந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பும் இன்றைய அளவுக்கு, ஏன், கூடுதலாகவே சூடு இருந்தது. அதை மாமூத் தாண்டி வந்துவிட்டது. அடுத்த முறை மட்டும் ஏன் முடியவில்லை? அதற்குள் ஈட்டியோடு மனிதன் வடகோடி வரை போய்விட்டான்.

வடகாற்று:
அப்படியென்றால் அலாஸ்காவை ஒட்டிய செயின்ட் பால் தீவுக்கு என்ன பதில்? அங்கே மாமூத்துகள் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. அப்போது அந்தத் தீவில் மனிதர்களே கிடையாது. கடல் ஏற ஏறத் தீவு சுருங்கியது, குடிநீர் ஏரி ஆழம் குறைந்து கலங்கியது. மிஞ்சிய கூட்டம் முழுவதும் அந்தக் கரையையே சுற்றி வந்ததில் செடிகொடிகள் மிதிபட்டு, மண் சரிந்து, ஏரி இன்னும் தூர்ந்தது. ஏரியடிச் சேற்றின் அடுக்குகளில் இதெல்லாம் தெரிகிறது. தண்ணீர் இல்லாமல் செத்த விலங்குக்கு வேட்டைக்காரனைக் குற்றம் சொல்வதா? இன்றைய யானைகளுக்கும் முதலில் காக்க வேண்டியது அவை காட்டுக்குக் காடு போகும் வழித்தடமும் நீரும்தான்.

கல்மரம்:
ஒரு தீவை வைத்துக் கண்டத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. அமெரிக்க நிலப்பரப்பில் தரை ஸ்லாத்துகள் (தரையில் வாழ்ந்த, தாவரம் தின்னும் பழங்கால விலங்குகள்) அழிந்த பிறகும் கியூபாவில் அவை 5,000 ஆண்டுகளுக்கு மேல் பிழைத்திருந்தன. பூமி சூடானது இரண்டு இடத்துக்கும் பொதுதானே? கியூபாவுக்கு மனிதர்கள் பிந்தி வந்தார்கள். அழிவும் பிந்தித்தான் வந்தது.

புல்வெளி:
வேட்டை என்றால் கொன்று குவித்திருக்க வேண்டும் என்றில்லை. யானையின் சினைக்காலம் 22 மாதம், அடுத்த குட்டிக்கு நான்கைந்து ஆண்டு ஆகும். மாமூத்தும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும். ஆண்டுக்குச் சில தாய்கள் குறைந்தாலே, வேட்டையாடியவர்களுக்கே தெரியாமல் சில நூறு ஆண்டுகளில் கூட்டம் கரைந்துவிடும்.

வடகாற்று:
சரி, ஆனால் விரிந்த புல்வெளி சதுப்பும் காடுமாகத் துண்டுபட்ட பிறகுதானே அந்தச் சிறு இழப்பும் ஈடுகட்ட முடியாததாக ஆனது? மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு நம் ஆசிய யானை. நீலகிரியின் சீகூர் வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்ததே, அங்கே யானையை மறித்தது துப்பாக்கியா? ரிசார்ட்டுகளும் வேலிகளும்.

கல்மரம்:
வழித்தடம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கேரளத்தின் பெரியார் காட்டில் தந்தத்துக்காக ஆண் யானைகளைச் சுட்டுச் சுட்டு, 1980களின் இறுதியில் வளர்ந்த பெண் யானைகள் நூற்றுக்கு ஓர் ஆண்கூட இல்லாத நிலை வந்தது. பிறக்கும் குட்டிகளும் குறைந்தன. காடு இருந்தது, தண்ணீரும் இருந்தது. வேட்டையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.