ஆழ்கடல் கணவாய்களில் நீரோட்ட மாற்றத்தை அளக்கும்போது ஏமாற்றும் இடங்கள்

ஒரு படுகையிலிருந்து (கடலடிப் பெரும்பள்ளம்) இன்னொன்றுக்குப் பாயும் அடிநீரில், அதாவது தரையை ஒட்டிய குளிர்ந்த நீரில், மாற்றம் வருகிறதா என்று பார்க்கத் தோதான இடம் அவற்றை இணைக்கும் குறுகிய கணவாய்தான். திறந்த கடலில் பரந்து கிடப்பது அங்கே ஒரே வாசலில் நெருக்கிக்கொண்டு வரும். ஆனால் பிடிக்க வேண்டிய மாற்றம் துளியூண்டு. தென் அட்லாண்டிக்கில், அர்ஜென்டினா படுகையிலிருந்து பிரேசில் படுகைக்கு அண்டார்டிக் அடிநீர் போகும் வேமா கால்வாயில், 1990களிலிருந்து தெரியும் வெப்ப ஏற்றம் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.002 முதல் 0.003 டிகிரி செல்சியஸ். பத்தாண்டு சேர்ந்தால்தான் 0.02, 0.03 ஆகும். கருவி 0.01 டிகிரி பிசகினால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. மிகக் குளிர்ந்த நீர் கால்வாயின் நடுவில் போவதில்லை. கிழக்குச் சுவரை ஒட்டி ஒடுங்கிய ஓட்டமாகப் போகிறது. பழைய அளவீடு சுவரோரம், புதியது சில கிலோமீட்டர் மேற்கே என்றால், கடல் சூடாகாமலே வரைபடம் சூடாகும். 1970களின் இடக்குறிப்புகள் ஜிபிஎஸ்ஸுக்கு முந்தையவை. அவற்றை அப்படியே நம்பாமல், தரை ஆழம் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

*

மூரிங்கில் (கடலடியில் நங்கூரமிட்டு, மிதவையால் நிமிர்த்தி நிறுத்தும் கம்பி) கட்டும் வெப்ப, உப்பு சென்சார்கள் பற்றி: தொழிற்சாலைச் சான்றிதழ் மட்டும் போதாது. இறக்குவதற்கு முன்பும், எடுத்த பிறகும், சென்சார்களை சி.டி.டி. (கப்பலிலிருந்து இறக்கி உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவி) சட்டத்தில் கட்டி ஆழத்துக்கு அனுப்ப வேண்டும். நீர் கலங்காத ஆழங்களில் ஐந்து முதல் பத்து நிமிடம் நிறுத்தி, இரண்டு அளவையும் ஒப்பிட வேண்டும். அவசரத்தில் இரண்டு நிமிடத்தில் மேலே இழுத்தால், உறை இன்னும் சூடாறாமல் இருக்கும், திருத்தமே தவறாகிவிடும். எடுத்த பிறகு செய்யும் சோதனையைத்தான் பலர் கப்பல் நேரம் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால், சென்சாரின் சறுக்கல் (காலப்போக்கில் அளவு பிசகுவது) எவ்வளவு என்று தெரிய வழியே இல்லை.

அழுத்த சென்சாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 5000 மீட்டரில் அழுத்தத்தால் மட்டுமே நீர் ஏறக்குறைய 0.4 டிகிரி கூடுதலாகக் காட்டும். அதனால் நிலை வெப்பநிலையாக (அழுத்தத்தால் வரும் சூட்டைக் கழித்த வெப்பநிலை) மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். ஓட்டம் வேகமெடுத்து மூரிங் சாய்ந்து, சென்சார் 10 மீட்டர் கீழே போனாலே 0.001 டிகிரி வித்தியாசம். அழுத்தப் பதிவு இல்லாத சென்சாரில் இதைப் பிரித்தெடுக்க முடியாது.

உப்புக்கு ஒரே வரி: உப்பு அளவைச் சரிபார்க்கப் பயன்படும் நியமக் கடல்நீர்க் குப்பியின் தொகுப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். பழைய தொகுப்புகளுக்கிடையே உப்பு அளவில் 0.001, 0.002 வேறுபாடு உண்டு.

*

அடுத்து, ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் வேகமானிகள். பழைய சுழலி வகைக் கருவிகள் நொடிக்கு ஓரிரு சென்டிமீட்டருக்குக் கீழே சுற்றாமல் நின்றுவிடும். ஒலி வகைக்கு வேறு நோய்: ஆழ்நீர் தெளிவானது, ஒலியைத் திருப்பும் துகள்கள் குறைவு, எட்டும் தூரம் சுருங்கிவிடும். கருவி மாறிய ஆண்டிலேயே ஓட்டமும் "மாறியிருந்தால்" சந்தேகப்படுங்கள். இரண்டையும் ஒரே கம்பியில் ஒரு பருவமாவது சேர்த்துக் கட்டுவதுதான் ஒழுங்கான வழி.

திசைகாட்டிக்குப் பக்கத்தில் இரும்புச் சங்கிலி வேண்டாம். காந்த விலக்கம் (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணம்) ஆண்டுக்காண்டு நகரும். இருபது வருடத்துக்கு முந்தைய திருத்தத்தை இன்றைய தரவில் போட்டால் ஓட்டம் சுவரில் முட்டுவது போலக் காட்டும்.

*

எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில் கழுத்தைப் பிடிப்பது புள்ளியியல். கற்பனைக் கணக்கு ஒன்று: நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் 1.5 ஸ்வெர்ட்ரப் (ஒரு ஸ்வெர்ட்ரப் என்றால் நொடிக்கு பத்து லட்சம் கன மீட்டர்), 500 நாள் பதிவு. 500 எண்கள் இருக்கின்றன என்று மகிழக் கூடாது. ஓட்டம் முப்பது நாள் தன்னைப் போலவே இருந்தால், தனித்தனி எண்கள் பதினேழுதான். சராசரியின் பிழை 0.36. இப்படி இரண்டு பதிவுகளைக் கழித்தால் பிழை 0.5, 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால் வித்தியாசம் 1 ஸ்வெர்ட்ரப்பாவது இருக்க வேண்டும்.

பசிபிக்கின் சமோவா கணவாயில் நடந்தது இதுதான். 1992–94இல் 6.0 ஸ்வெர்ட்ரப், 2012–13இல் 5.4. பார்த்ததும் "குறைந்துவிட்டது" என்று எழுதக் கை அரிக்கும். ஆனால் அது இயற்கையான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. வெப்ப ஏற்றம் மட்டும் தெளிவாக நிற்கிறது.

*

மேலே சொன்னதோடு ஒன்று. சூடாவதும் மெதுவாவதும் ஒன்றல்ல. வட அட்லாண்டிக்கின் ஃபாரோ பாங்க் கால்வாயில் 1995 முதல் அளக்கிறார்கள். பாயும் அளவு 2 ஸ்வெர்ட்ரப்பை ஒட்டியே நிற்கிறது. கால்வாய் வாசலில் உள்ள கடலடி மேட்டுக்கு மேலே நிற்கும் அடர்த்தியான நீரின் உயரம்தான் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. எளிய சமன்பாட்டில் அது உயரத்தின் இருமடிக்கு ஏற்றபடி மாறும்: 5 விழுக்காடு தாழ்ந்தால் ஓட்டம் ஏறக்குறைய 10 விழுக்காடு குறையும். ஆகவே கணவாய்க்குள் ஒரு மூரிங் போட வசதி இருந்தால், மேல்நீரோட்டப் பக்கத்துப் படுகையில் இன்னொன்றையும் போடுங்கள். உயரம் அங்கேதான் தெரியும்.